மலேரியாத் தடுப்பூசி: குன்னூர்க் கோழிகள் முதல் வைரஸ் கடத்திகள் வரை

மலேரியாத் தடுப்பூசி ஆய்வின் வரலாறு பெரும்பாலும் விலங்குச் சோதனைகளின் வரலாறாகவே அமைந்துள்ளது. குருவி, கோழி, குரங்கு, எலி ஆகியவற்றின் உடலில் வாழும் மலேரியா ஒட்டுண்ணிகளைக் கொண்டே இந்நோய் பரவும் முறையும், அதற்கு எதிராக உடலில் எதிர்ப்பாற்றலை உண்டாக்கும் வழிகளும் கண்டறியப்பட்டன. அவ்வகைச் சோதனைகளுள் முக்கியமான ஒன்று 1940களின் தொடக்கத்தில் நீலகிரி மாவட்டம் குன்னூரில் உள்ள பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் நடைபெற்றது. கோழிகளைக் கொண்டு நடத்தப்பட்ட அந்த ஆய்வு, மலேரியாத் தடுப்பூசியால் எது முடியும், எது முடியாது என்பதைத் தெளிவாகக் காட்டியது. பின்னாளில் வந்த வைரஸ் கடத்தித் தடுப்பூசிகளும், இன்று ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போடப்படும் தடுப்பூசிகளும் அன்று தெரியவந்த அதே இடையூற்றைச் சந்தித்து வருகின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 26 கோடியே 30 லட்சம் பேருக்கு மலேரியா கண்டது. சுமார் 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். பெரியம்மையையும் இளம்பிள்ளை வாதத்தையும் தடுப்பூசியால் அடக்க முடிந்த மனிதனுக்கு மலேரியா மட்டும் ஏன் இவ்வளவு நாள் பிடிகொடுக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் ஒட்டுண்ணியின் வாழ்க்கையை அறிய வேண்டும்.

ஒட்டுண்ணியின் மூன்று நிலைகள்

மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்னும் ஒரு செல் உயிரி. நோய்க்கிருமியைச் சுமந்த பெண் அனாபிலஸ் கொசு ஒருவரைக் கடிக்கும்போது, அதன் உமிழ்நீருடன் ஊசி போன்ற வடிவமுள்ள ஸ்போரோசோயிட்டுகள் உடலுக்குள் நுழைகின்றன. இவை சிறிது நேரத்தில் கல்லீரலை அடைந்து அதன் செல்களுக்குள் புகுந்துகொள்கின்றன. இது முதல் நிலை.

கல்லீரல் செல்லுக்குள் ஓர் ஒட்டுண்ணி பல்லாயிரமாகப் பெருகுகிறது. மனிதரைத் தாக்கும் பிளாஸ்மோடியம் பால்சிபாரம் இதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறது. இக்காலத்தில் நோயாளிக்கு எந்த அறிகுறியும் இராது. பின்னர் மீரோசோயிட்டுகள் என்னும் புதிய வடிவில் அவை வெளிவந்து இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகின்றன. குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் இந்த இரண்டாம் நிலையில்தான் வருகின்றன. இரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணிகளில் சில ஆண், பெண் வடிவங்களாக மாறிக் காத்திருக்கும். அடுத்துக் கடிக்கும் கொசு அவற்றை உறிஞ்சிச் செல்வது மூன்றாம் நிலை.

ஒவ்வொரு நிலையிலும் ஒட்டுண்ணியின் மேற்பரப்பில் உள்ள புரதங்கள் மாறிவிடுகின்றன. ஒரு நிலைக்கு எதிராக உருவான எதிர்ப்பாற்றல் அடுத்த நிலையை அடையாளம் காண்பதில்லை. வாசலில் நிற்கும் காவலர் ஒருவனது முகத்தை நினைவில் வைத்திருக்க, அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் வேறு முகம் பூண்டு நடமாடுவதைப் போன்றது இது. இந்த உண்மையைச் சோதனை வழியாகத் தெளிவுபடுத்தியதே குன்னூர் ஆய்வின் சிறப்பு.

குருவிகளும் குரங்குகளும்

மலேரியா ஆய்வில் விலங்குகளின் பயன்பாடு இந்திய மண்ணில் தொடக்கத்திலேயே வேரூன்றியது. சென்னை மாகாணப் பிரிவைச் சேர்ந்த இராணுவ மருத்துவரான ரொனால்டு ராஸ், 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அதே ஆண்டில் உதகைக்குச் சென்றிருந்தபோது சீகூர் மலைப்பாதைப் பகுதியில் மலேரியாவை ஆராய்ந்த அவருக்கே அந்நோய் தொற்றியது. மறு ஆண்டு கல்கத்தாவில், கொசுக்கடியின் வழியாக நோய் ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் பரவுவதைக் குருவிகளைக் கொண்டு அவர் மெய்ப்பித்தார். மனிதரில் செய்ய முடியாததைப் பறவை மலேரியாவைக் கொண்டு செய்து காட்டிய இப்பணிக்காக 1902இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1930களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மற்றொரு கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு குரங்கின் இரத்தத்தில் புதுவகை ஒட்டுண்ணி காணப்பட்டது. இராபர்ட் நோலெஸ், தாஸ் குப்தா ஆகியோர் அதை விரிவாக ஆராய்ந்து 1932இல் வெளியிட்டனர். நோலெசின் பெயரால் அது பிளாஸ்மோடியம் நோலெசி எனப்படுகிறது. இந்தியாவில் பரவலாகக் காணப்படும் ரீசஸ் குரங்கின் உடலில் இந்த ஒட்டுண்ணி மிக வேகமாகப் பெருகி உயிரையே குடித்துவிடும். எனவே மருந்துகளையும் எதிர்ப்பாற்றலையும் சோதிக்க அது உலகெங்கும் பயன்படலாயிற்று. அரை நூற்றாண்டு கழித்து வைரஸ் கடத்தி ஆய்விலும் இதே ஒட்டுண்ணி இடம்பெற்றது.

பட்டுக்கோட்டையிலிருந்து குன்னூருக்கு

அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை 1930களில் மலேரியா ஆய்வுக்காகச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பிய மருத்துவர் பால் எப். ரசல். அவரது களப்பணியின் முக்கிய இடங்களுள் ஒன்று அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பட்டுக்கோட்டைப் பகுதி. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதையொட்டிக் கல்லணைக் கால்வாய் வழியாக இப்பகுதிக்குக் காவிரி நீர் வந்தது. இக்கால்வாய் இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதி வரை நீள்கிறது. நீர் வந்ததால் நெல் விளைந்தது. அத்துடன் கால்வாய்க் கரைக்கு மண் வெட்டிய குழிகளிலும், கசிந்து தேங்கிய நீரிலும் அனாபிலஸ் கியூலிசிபேசிஸ் கொசு பெருகி மலேரியாவும் வந்தது.

ரசலும் அவருடன் பணியாற்றிய இந்திய ஆய்வாளர்களும் இப்பகுதியின் மலேரியாவை ஆராய்ந்து 1938இல் விரிவான கட்டுரை வெளியிட்டனர். வீடுகளுக்குள் பைரித்ரம் தெளித்துக் கொசுக்களைக் கொல்லும் முறையையும் ரசல் குழுவினர் இம்மாகாணத்துச் சிற்றூர்களில் சோதித்தனர். கொசுவை ஒழிப்பது ஒரு வழி என்றால், கொசு கடித்தாலும் நோய் வராமல் உடலைக் காப்பது இன்னொரு வழி. அந்த இரண்டாம் வழியைத் தேடும் ஆய்வுக்கு இடமளித்தது குன்னூர்.

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காகத் தொடங்கப்பட்டது. தடுப்பு மருந்து தயாரிக்கும் வசதியும், சோதனை விலங்குகளை வைத்துப் பேணும் வசதியும் அங்கு ஏற்கெனவே இருந்தன.

கோழிகளில் நடந்த சோதனை

குன்னூரில் ரசலுடன் இணைந்து பணியாற்றியவர்கள் எச். டபிள்யூ. முல்லிகன், பி. என். மோகன் ஆகியோர். முல்லிகன் இதற்கு முன்பே குரங்கு மலேரியாவில் நோயெதிர்ப்பு பற்றி ஆராய்ந்தவர். மூவரும் தேர்ந்தெடுத்தது பிளாஸ்மோடியம் காலினேசியம் என்னும் கோழி மலேரியா ஒட்டுண்ணி. பிரெஞ்சு அறிஞர் எமில் புரும்ப்ட் 1935இல் இதை விவரித்திருந்தார். ஏடிஸ் இனக் கொசுக்களால் பரவும் இந்த ஒட்டுண்ணி கோழிகளைக் கொல்லும் அளவுக்குக் கடுமையானது. கோழிகள் எளிதில் கிடைத்தன, கொசுக்களை வளர்ப்பதும் எளிது. எனவே கொசுக்கடி முதல் இறப்பு வரை நோயின் முழுச் சுற்றையும் ஆய்வகத்திலேயே காண முடிந்தது.

இவர்களுக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. பிரான்சு நாட்டுச் செர்ஜன் சகோதரர்கள் 1910இலேயே கேனரிப் பறவைகளில் இத்தகைய முயற்சி செய்திருந்தனர். குன்னூர்க் குழுவினர் அதை முறையான தொடர் ஆய்வாக வளர்த்தனர்.

நோயுற்ற கொசுக்களிலிருந்து ஸ்போரோசோயிட்டுகளைப் பிரித்தெடுத்துப் புற ஊதாக் கதிரால் செயலிழக்கச் செய்து, கோழிகளுக்குப் பலமுறை ஊசி வழியாகச் செலுத்தினர். அவ்வாறு ஊசி பெற்ற கோழிகளின் இரத்தத் தெளிநீரில் ஸ்போரோசோயிட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்யும் எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. பிறகு இக்கோழிகளையும், ஊசி பெறாத கோழிகளையும் நோயுற்ற கொசுக்கள் கடிக்குமாறு விட்டனர். ஊசி பெற்ற கோழிகள் நோயிலிருந்து முழுமையாகத் தப்பவில்லை. ஆயினும் அவற்றில் நோயின் கடுமையும் இறப்பும் குறைந்தன. 1941இல் இம்முடிவுகள் வெளியாயின.

1942இல் வெளியான அடுத்த கட்டுரையின் முடிவு இன்னும் முக்கியமானது. ஸ்போரோசோயிட்டு ஊசி பெற்ற கோழிகள், கொசு வழியாக வரும் ஸ்போரோசோயிட்டுகளை ஓரளவு எதிர்த்து நின்றன. ஆனால் நோயுற்ற கோழியின் இரத்தத்தை எடுத்து நேரடியாக அவற்றுக்குச் செலுத்தியபோது அந்த எதிர்ப்பாற்றல் சிறிதும் உதவவில்லை. ஒரு நிலைக்கான பாதுகாப்பு மறு நிலைக்குப் பயன்படாது என்பது இவ்வாறு வெளிப்பட்டது. அதே ஆண்டில் ரசலும் மோகனும் கோழிகளில் செய்த மற்றோர் ஆய்வும் அமெரிக்கப் பரிசோதனை மருத்துவ இதழில் வெளியாயிற்று.

இதன் நடைமுறைப் பொருள் கடுமையானது. ஸ்போரோசோயிட்டுத் தடுப்பூசி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஒட்டுண்ணிகளைத் தடுத்தாலும், எஞ்சிய ஒன்று கல்லீரலை அடைந்து பெருகி இரத்தத்துக்கு வந்துவிட்டால் நோய் வந்தே தீரும். அம்மைத் தடுப்பூசிக்கு இல்லாத இடையூறு இது.

ஆய்வு தேங்கிய காலம்

இரண்டாம் உலகப் போர் இப்பணியைத் தொடரவிடவில்லை. 1942க்குப் பின் ரசல் அமெரிக்க இராணுவத்தின் மலேரியாத் தடுப்புப் பணிக்குச் சென்றார். போரின் இறுதியில் டி.டி.டி. பூச்சிக்கொல்லியும் குளோரோகுயின் மாத்திரையும் பரவலாயின. கோழிக்கு ஊசி போட்டுக் கொண்டிருப்பதைவிடச் சுவரில் மருந்தடிப்பது எளிதாகவும் மலிவாகவும் தோன்றியது.

அது வெறும் தோற்றமன்று. விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் தாக்கப்பட்டனர், எட்டு லட்சம் பேர் இறந்தனர் என்பது மதிப்பீடு. 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பட்டன. 1960களின் நடுவில் நோயாளிகளின் எண்ணிக்கை சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தது. ஆனால் கொசுக்கள் டி.டி.டி.யைத் தாங்கப் பழகின, கண்காணிப்பும் தளர்ந்தது. 1976இல் 64 லட்சம் பேருக்கு மலேரியா கண்டது. தடுப்பூசியின் தேவை மீண்டும் உணரப்பட்டது.

எலிகளும் கதிரியக்கமும்

இதற்கிடையில் இரண்டு கண்டுபிடிப்புகள் ஆய்வை வேறு பாதைக்குக் கொண்டுசென்றன. இரண்டும் 1948ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. நெடுங்காலம் இந்தியாவில் பணியாற்றிய எச். இ. ஷார்ட், பி. சி. சி. கார்ன்ஹாம் ஆகிய இருவரும் இலண்டனில் ரீசஸ் குரங்கின் கல்லீரலில் ஒட்டுண்ணி மறைந்து வளர்வதைக் கண்டனர். அதே ஆண்டு காங்கோவில் காட்டெலிகளைத் தாக்கும் பிளாஸ்மோடியம் பெர்கெய் கண்டறியப்பட்டது. ஆய்வகச் சுண்டெலியில் இதை வளர்க்க முடிந்ததால் கோழியின் இடத்தை எலி பிடித்தது.

1967இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூத் நுசன்சுவைக் குழுவினர், எக்ஸ் கதிர் பாய்ச்சிய பெர்கெய் ஸ்போரோசோயிட்டுகளை எலிகளுக்குச் செலுத்தினர். பெரும்பாலான எலிகள் பின்னர் நோயிலிருந்து முழுமையாகத் தப்பின. குன்னூர்ச் சோதனைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நியூயார்க் ஒட்டுண்ணிகள் சாகவில்லை, நலிவடைந்திருந்தன. அவை கல்லீரல் செல்லுக்குள் நுழைந்து, பெருக முடியாமல் நின்றுவிட்டன. அவ்வாறு நின்ற இடத்தில் உடல் அவற்றை அடையாளம் கண்டுகொண்டது.

பிற்கால ஆய்வுகள் இதன் காரணத்தை விளக்கின. இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள்கள் ஸ்போரோசோயிட்டைக் கல்லீரலுக்குப் போகும் வழியில் மட்டுமே பிடிக்க முடியும். செல்லுக்குள் புகுந்துவிட்ட ஒட்டுண்ணியை அழிக்க, நோயுற்ற செல்லையே கண்டுபிடித்துக் கொல்லும் டி செல்கள் தேவை. 1970களில் அமெரிக்கத் தன்னார்வலர்களைக் கதிர் பாய்ச்சிய கொசுக்கள் கடிக்கச் செய்து, மனிதரிலும் இப்பாதுகாப்பு உண்டாவதை அறிந்தனர். ஆனால் கோடிக்கணக்கானோருக்குக் கொசுவிலிருந்து ஒட்டுண்ணியைப் பிரித்து ஊசி தயாரிப்பது அன்று நினைத்துப் பார்க்க முடியாத செயல்.

வைரஸ் கடத்தி

இந்நிலையில் மரபணுப் பொறியியல் ஒரு வழியைக் காட்டியது. வைரஸ் இயல்பாகவே செல்லுக்குள் நுழைந்து தன் மரபணுவின்படி புரதம் செய்யவைக்கும். தீங்கற்றதாக்கிய ஒரு வைரசுக்குள் மலேரியா ஒட்டுண்ணியின் ஒரு மரபணுவை வைத்துச் செலுத்தினால், உடலின் செல்களே ஒட்டுண்ணியின் புரதத்தைச் செய்யும். அப்புரதத்துக்கு எதிராக டி செல்களும் எதிர்ப்பொருள்களும் உருவாகும். இவ்வாறு மரபணுவைச் சுமந்து செல்லும் வைரசே வைரஸ் கடத்தி எனப்படுகிறது.

முதலில் பயன்பட்டது பெரியம்மைத் தடுப்பூசியில் இருந்த வாக்சினியா வைரஸ். 1982இல் இதைக் கடத்தியாக மாற்றும் முறை உருவானது. 1984இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்போரோசோயிட்டின் மேலுறைப் புரத மரபணுவை வாக்சினியாவில் பொருத்தி முயல்களுக்குச் செலுத்தினர். முயல்களின் இரத்தத்தில் ஸ்போரோசோயிட்டைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் தோன்றின. அந்த மரபணு எடுக்கப்பட்ட ஒட்டுண்ணி, கல்கத்தாவில் ஆராயப்பட்ட அதே பிளாஸ்மோடியம் நோலெசி.

வாக்சினியாவை இன்னும் பாதுகாப்பானதாக்க, கோழிக்கருச் செல்களில் ஐந்நூறு முறைக்கு மேல் வளர்த்து நலிவாக்கிய எம்.வி.ஏ. என்னும் வகை கைக்கொள்ளப்பட்டது. இது தமிழ்நாட்டுக்கும் வந்தது. 2006இல் சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில், எம்.வி.ஏ. கடத்தியில் அமைந்த எய்ட்ஸ் தடுப்பூசி ஒன்று தன்னார்வலர்களிடம் முதற்கட்டச் சோதனை செய்யப்பட்டது. நோய் வேறு, கடத்தி ஒன்றே.

எலியில் வெற்றி, மனிதரில் ஏமாற்றம்

1993இல் வெளியான ஓர் ஆய்வில், முதலில் இன்புளுயன்சா கடத்தியையும் பிறகு வாக்சினியா கடத்தியையும் எலிகளுக்குக் கொடுத்தபோது மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைத்தது. ஒரே கடத்தியைத் திரும்பக் கொடுத்தால் உடல் அக்கடத்தியையே எதிர்த்துவிடும். கடத்தியை மாற்றினால் மலேரியாப் புரதத்துக்கான எதிர்ப்பு மட்டும் வலுக்கும். 1998இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் முதலில் டி.என்.ஏ. ஊசியும் பிறகு எம்.வி.ஏ.வும் கொடுத்து, எலிகளில் முழுப் பாதுகாப்பை எட்டினர்.

மனிதரில் அவ்வாறு நிகழவில்லை. ஏழு மலேரியா மரபணுக்களைச் சுமந்த வாக்சினியா வகைத் தடுப்பூசி ஒன்றின் முடிவு அதே 1998இல் வெளியாயிற்று. ஊசி பெற்றபின் நோயுற்ற கொசுக்கடிக்கு உட்பட்ட 35 தன்னார்வலர்களில் ஒருவர் மட்டுமே முழுமையாகத் தப்பினார். டி.என்.ஏ.வும் எம்.வி.ஏ.வும் சேர்ந்த முறை காம்பியா நாட்டு ஆண்களுக்கு உதவவில்லை என்பது 2004இல் தெரிந்தது. கோழியம்மை வைரசும் எம்.வி.ஏ.வும் சேர்ந்த முறை கென்யக் குழந்தைகளைக் காக்கவில்லை என்பது 2006இல் தெரிந்தது.

காரணத்தின் ஒரு பகுதி உடலின் அளவில் இருக்கிறது. எலியின் கல்லீரல் ஒன்றிரண்டு கிராம் எடையுள்ளது. மனிதக் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. கொசுக்கடியால் நோயுறும் செல்களோ மிகச் சில. வீட்டுக் கிணற்றில் விழுந்த ஊசியைத் தேடுவதற்கும் ஏரியில் விழுந்த ஊசியைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. டி செல்களின் எண்ணிக்கை மிகப் பெரியதாக இருந்தால்தான் உரிய காலத்துக்குள் அச்செல்களைக் கண்டுபிடிக்க முடியும்.

சிம்பன்சி வைரஸ்

டி செல்களைப் பெருக்கும் ஆற்றல் அடினோவைரசுக்கு அதிகம். ஆனால் சளி, காய்ச்சல் உண்டாக்கும் மனித அடினோவைரஸ்கள் பலரையும் ஏற்கெனவே தாக்கியிருப்பதால், அவற்றைக் கடத்தியாக்கினால் உடல் உடனே அழித்துவிடும். எனவே சிம்பன்சிக் குரங்கிலிருந்து பிரிக்கப்பட்ட அடினோவைரஸ் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏட்ரியன் ஹில், சாரா கில்பர்ட் ஆகியோர் பணியாற்றிய ஆக்ஸ்போர்டு குழுவினர் சாட்63 என்னும் இவ்வகைக் கடத்தியையும், அடுத்து எம்.வி.ஏ.வையும் கொடுக்கும் முறையை எலிகளிலும் குரங்குகளிலும் சோதித்து மனிதருக்குக் கொண்டுவந்தனர்.

2013இல் வெளியான இங்கிலாந்துச் சோதனையில் 14 தன்னார்வலர்களில் மூவர் முழுமையாகத் தப்பினர். ஐவருக்கு நோய் தாமதமாக வந்தது. 2015இல் கென்ய ஆண்களிடையே நோய்த்தொற்று 67 விழுக்காடு குறைந்ததாக அறிவிக்கப்பட்டது. நம்பிக்கை துளிர்த்தது. ஆனால் யாருக்காக இத்தடுப்பூசி உருவாக்கப்பட்டதோ அக்குழந்தைகளிடம் அது தோற்றது. புர்கினா பாசோவில் 5 முதல் 17 மாதக் குழந்தைகளிடம் நடந்த சோதனையில் பாதுகாப்பு ஏதும் காணப்படவில்லை என்று 2018இல் முடிவு வெளியாயிற்று.

இரத்தநிலையைத் தாக்கும் முயற்சியும் நடைபெற்றது. சிவப்பணுவுக்குள் நுழைய ஒட்டுண்ணிக்கு இன்றியமையாத ஆர்.எச்.5 என்னும் புரதத்தை இலக்காகக் கொண்ட தடுப்பூசி, 2015இல் வெளியான ஆய்வின்படி தென் அமெரிக்க ஆவ்டஸ் குரங்குகளைப் பால்சிபாரம் நோயிலிருந்து காத்தது. மனிதரில் இத்தகைய தடுப்பூசி இதுவரை ஒட்டுண்ணியின் பெருக்கத்தைத் தாமதப்படுத்தியிருக்கிறது. வாசலிலும் வீட்டுக்குள்ளும் ஒருசேரக் காவல் வைப்பதே இப்போதைய ஆய்வின் நோக்கம்.

மலேரியாவுக்காகச் சிம்பன்சி அடினோவைரஸ்களில் பெற்ற அனுபவம் வீண்போகவில்லை. கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது அதே ஆக்ஸ்போர்டு குழுவினர் அவ்வகைக் கடத்தியைக் கொண்டே தடுப்பூசி உருவாக்கினர். புனேயின் சீரம் நிறுவனம் அதைக் கோவிஷீல்டு என்னும் பெயரில் தயாரித்தது. 2021 ஜனவரி முதல் தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கோவிஷீல்டு போட்டுக்கொண்டவர்கள் யாவரும், மலேரியா ஆய்வில் பண்பட்ட ஒரு முறையின் பயனைப் பெற்றவர்களே.

இன்றைய தடுப்பூசிகள்

உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துள்ள மலேரியாத் தடுப்பூசிகள் இரண்டு: 2021 அக்டோபரில் ஆர்.டி.எஸ்.,எஸ்., 2023 அக்டோபரில் ஆர்21. இரண்டாவதைப் பெருமளவில் தயாரிப்பது சீரம் நிறுவனமே. இவை வைரஸ் கடத்திகள் அல்ல. ஸ்போரோசோயிட்டின் மேலுறைப் புரதத்தின் ஒரு பகுதியை நுண்துகள்களாக்கி, எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளுடன் செலுத்துபவை. பால்சிபாரத்தின் இப்புரத மரபணு 1984இல் கண்டறியப்பட்டது.

நான்கு தவணை ஆர்.டி.எஸ்.,எஸ். பெற்ற குழந்தைகளிடம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் நோய்த்தாக்கம் 36 விழுக்காடு குறைந்தது. புர்கினா பாசோவில் ஆர்21 முதல் ஆண்டில் 77 விழுக்காடு பலன் அளித்ததாக 2021இல் அறிவிக்கப்பட்டது. லட்சக்கணக்கான குழந்தைகள் நோயுறும் நிலப்பகுதியில் இது பெரிய உதவி. எனினும் இவை காப்பது முதல் நிலையை மட்டுமே. இவற்றைத் தாண்டி இரத்தத்துக்கு வந்துவிட்ட ஒட்டுண்ணியை இவை தொடுவதில்லை. கோழிகளைக் கொண்டு 1942இல் சொல்லப்பட்ட முடிவு இங்கும் பொருந்துகிறது.

விலங்குகளும் சட்டமும்

இந்த நீண்ட முயற்சியில் எண்ணற்ற உயிர்கள் பலியாயின. அவற்றின் வலியைக் கணக்கில் கொள்ளும் பழக்கம் மெல்ல மெல்லவே வந்தது. இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் சோதனை விலங்குகளுக்கெனக் கண்காணிப்புக் குழு அமைக்க வழிசெய்தது. 1998ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெறாத நிறுவனங்கள் விலங்குச் சோதனை நடத்த இயலாது. அதற்கு முன், மருத்துவத்துக்கு என அனுப்பப்பட்ட ரீசஸ் குரங்குகள் அமெரிக்காவில் இராணுவக் கதிரியக்கச் சோதனைகளுக்குப் பயன்பட்டதாகத் தெரியவந்ததையடுத்து, 1978இல் இந்திய அரசு குரங்கு ஏற்றுமதியைத் தடைசெய்தது.

மாற்று வழிகளும் பெருகியுள்ளன. 1976இல் பால்சிபாரத்தை மனித இரத்தத்தில் ஆய்வகத்திலேயே தொடர்ந்து வளர்க்கும் முறை கண்டறியப்பட்டபின், பல மருந்துச் சோதனைகளுக்கு விலங்கு தேவைப்படவில்லை. மருத்துவக் கண்காணிப்பில் தன்னார்வலர்களுக்கு நோய் தந்து, உடனே குணப்படுத்தும் சோதனை முறையும் பயன்படுகிறது. எனினும் புதிய தடுப்பூசி தீங்கற்றதா என்று அறிய விலங்குச் சோதனை இன்னும் முழுமையாகக் கைவிடப்படவில்லை.

மதிப்பீடு

விலங்குச் சோதனைகள் மலேரியா ஆய்வுக்கு அளித்தவை இரு வகை. குருவியும் கோழியும் குரங்கும் எலியும் ஒட்டுண்ணியின் இயல்பைக் காட்டியபோது அந்த முடிவுகள் மனிதருக்கும் பொருந்தின. நோய் கொசுவால் பரவுவதும், கல்லீரலில் ஒட்டுண்ணி மறைந்திருப்பதும், நிலைக்கு நிலை எதிர்ப்பாற்றல் வேறுபடுவதும் இவ்வாறு அறியப்பட்டவையே. ஒரு தடுப்பூசி எத்தனை விழுக்காடு காக்கும் என்ற கேள்விக்கோ, எலி சொன்ன விடை புர்கினா பாசோக் குழந்தைக்குப் பொருந்தவில்லை. விலங்கிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று பிரித்தறிவது அறிவியலுக்கும் நல்லது, விலங்குக்கும் நல்லது.

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் இன்றும் இயங்கிவருகிறது. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி ஆகியவற்றுக்கான முத்தடுப்பூசித் தயாரிப்பால் அது நாடறிந்தது. உலக மலேரியாத் தடுப்பூசி வரலாற்றை எழுதுவோர் முல்லிகன், ரசல், மோகன் ஆகியோரின் 1941ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிடத் தவறுவதில்லை. அந்த ஆய்வு நடந்த தமிழ்நாட்டில்தான் அது அதிகம் அறியப்படாமல் இருக்கிறது.